காருக்கு முந்திய மிளகு

பாரிஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

"அங்கே நல்ல மிளகாய்த்தூள் கிடைக்கிறதா?" என்று கேட்டிருந்தாய். லா ஷப்பல் பக்கம் போனால் ஈழத்துக் கடைகளில் விதவிதமாய் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அருமையான தூள்தான். ஆனால் கருக வறுத்த யாழ்ப்பாணப் பக்குவம். அதைப் போட்டால் நம் காரைக்கால் மீன்குழம்பு பருத்தித்துறை மீன்குழம்பாகிவிடும். அதனால் அரைப்பதெல்லாம் வீட்டில்தான்.

அரைப்பதற்கு முன் வறுக்க வேண்டுமே! வீட்டுக்கு வீடு புகை அலாரம் இருந்தாக வேண்டும் என்பது 2015 முதல் இங்கே சட்டம். வாணலியில் மிளகாய் விழுந்ததும் அது அலறும். நான் வறுக்க, வீட்டுக்காரர் நாற்காலிமேல் ஏறி, சாமிக்குச் சாமரம் வீசுவதுபோல் அதற்குத் துண்டை வீசிக்கொண்டிருப்பார். பிள்ளையின் இந்தக் கைங்கரியத்தை என் மாமியாரிடம் சொல்லிவிடாதே.

மிக்சிக்குக் கரண்டால் தொல்லையில்லை. அங்கும் இங்கும் 230 வோல்ட்தான். பிளக்குக்கு மட்டும் ஓர் அடாப்டர் வேண்டும். ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 7 வரை சத்தம் கூடாது. சாயங்காலம் மல்லி ஓட்டியதற்கே கீழ்வீட்டு அம்மாள் வந்து, சுவரில் துளை போடுகிறீர்களா என்று பணிவாக விசாரித்தார். ஆமாம் என்றிருந்தால் போயிருப்பார். மல்லி என்றதும் உள்ளே வந்து மோந்து பார்த்து, ஒரு டப்பா நிறைய வாங்கிக்கொண்டல்லவா போனார்!

இவர்களுக்குக் காரம் தெரியாது என்று அத்தான் சொல்வதை நம்பாதே. முழு மிளகை ஒன்றிரண்டாய் உடைத்து, மாட்டிறைச்சித் துண்டின் மேல் அப்பி வாட்டித் தின்கிறவர்கள். பெஜோ கார் கம்பெனி தெரியுமல்லவா? முதல் கார் செய்தது 1889-ல். கையால் திருகுகிற மிளகு மில்லை 1874-லேயே செய்துவிட்டது. எது அவசரம் என்று தெரிந்த ஜனங்கள்! ஹோட்டலில் பரிமாறுகிறவர் முழ நீள மில்லைக் கொண்டுவந்து தட்டின் மேல் இரண்டு திருகு திருகிவிட்டு, போதுமா என்று கண்ணாலே கேட்பார். ரசத்தில் வளர்ந்த நாக்கு. போதும் என்று சொல்ல மனம் வருகிறதா?

ஆனால் அவர்கள் கணக்கு சரிதான். உடைத்த மிளகில் உறைப்பு தங்கும். வாசனை எண்ணெய் காற்றோடு போய்விடும். அதனால் வேண்டும்போது வேண்டிய மட்டும். அம்மா அன்றன்றைக்கு ரசத்துக்கு அம்மியில் நுணுக்கியதும் இதற்குத்தானே? நீ இப்போது மிளகுத்தூளைப் பாக்கெட்டில் வாங்குகிறாயாம். அத்தான் போனில் போட்டுக் கொடுத்துவிட்டார். அம்மி முடியாவிட்டால் மிக்சியிலாவது அரை. ஒரே மூச்சில் ஓட்டாதே, சூடேறினால் மணம் போகும். விட்டு விட்டு ஓட்டு. மிளகாய்த்தூள் என்றால் தாளில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகு டப்பாவை மூடு.

பாக்கெட்டை நிறுத்தினால், அடுத்த முறை வரும்போது ஒரு பெஜோ வாங்கி வருகிறேன். அத்தானிடம் பெயரை மட்டும் சொல்லி வை. காரா மில்லா என்பதை நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

அன்புத் தங்கை