லாகர் ஆசாமி

பெங்களூர் இந்திராநகரிலோ கோரமங்களாவிலோ சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு மைக்ரோபுரூவரிக்குள் எட்டிப் பாருங்கள். ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் குடித்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் கிளாஸை விளக்குக்கு நேராகத் தூக்கி, ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கண் டாக்டர் அல்ல, கலப்படத் தடுப்பு அதிகாரியும் அல்ல. அவர்தான் லாகர் ஆசாமி.

சொந்த ஊர் தாராபுரம், தேவகோட்டை, திருக்கோவிலூர் என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். படித்தது இன்ஜினியரிங், பார்ப்பது ஐ.டி. வேலை, கட்டுவது வீட்டு லோன். பெங்களூருக்கு வந்த புதிதில் அவரும் எல்லோரையும்போல ஆரஞ்சுத் தோல் மணக்கும் கோதுமை பீரில்தான் ஆரம்பித்தார். பிறகு ஐ.பி.ஏ. மோகம் பிடித்தது. கசக்கக் கசக்க உசத்தி என்று கொஞ்ச காலம் முகத்தைச் சுளிக்காமல் குடித்துக் காட்டினார். இடையில் காபிக்கொட்டை போட்ட ஸ்டவுட், கொய்யா போட்ட ஏதோ ஒன்று. இப்போது அனைத்தையும் துறந்து ஜெர்மன் பாணி லாகரில் ஐக்கியமாகிவிட்டார். “இனிமே நமக்கு ஹெல்லஸ் மட்டும்தான் பாஸ்” என்று அறிவித்த நாளிலிருந்து, அவரோடு ஒரே மேசையில் உட்காருவதற்கு நண்பர்கள் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆர்டர் கொடுப்பதிலிருந்தே கச்சேரி களைகட்டும். பரிமாறும் பையன் கிருஷ்ணகிரிப் பக்கம். தமிழ் முகம் பார்த்தால் தமிழிலேயே பேசுவான்.

“அண்ணே, மாம்பழ பீர் புதுசா வந்திருக்கு. இன்னிக்கு அதான் நல்லாப் போகுது.”

மாம்பழம் என்றதும் நம்மவர் முகத்தில் ஒரு கருணை படரும். அறியாதவர்களை மன்னிக்கும் கருணை.

“ஹெல்லஸ் டேங்க்ல எத்தனை நாள் இருந்துச்சு?”

“கேட்டுட்டு வர்றேண்ணே.”

பையன் போய்த் தூண் மறைவில் சற்று நேரம் நிற்பான். யாரையும் கேட்க மாட்டான். திரும்பி வந்து, “ஆறு வாரம்ணே” என்பான். போன மாதம் “பத்து நாள்” என்று உண்மையைச் சொன்னவனுக்கு அரை மணி நேர வகுப்பு நடந்தது. இந்தத் தொழிலில் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆசாமி கேட்ட கேள்வி சரியான கேள்வி. லாகருக்கான ஈஸ்ட் குளிரில்தான் நிதானமாக வேலை செய்யும். 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரைக்குள் நொதிக்கவிட்டு, அப்புறம் உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் சும்மா கிடக்கவிட வேண்டும். அந்தக் கிடப்பில்தான் கலங்கல் தெளியும், பச்சை வாடை போகும், முரட்டுத்தனம் அடங்கும். கோதுமை பீர் இரண்டு மூன்று வாரத்தில் கிளாஸுக்கு வந்து காசாகிவிடும். நாலைந்து டேங்க் மட்டும் வைத்துப் பிழைக்கும் கடைக்காரருக்கு, அதில் ஒன்றை ஒரு மாதத்துக்கு மேல் லாகருக்கு ஒதுக்குவது எம்.ஜி. ரோட்டில் இடம் வாங்கி வேலி போட்டு வைப்பது போன்ற காரியம். அப்படிப் பொறுமையாகச் செய்தவரைப் பாராட்ட நாலு பேர் வேண்டும். ஆசாமி ஒருவரே அந்த நாலு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறார் என்பதுதான் சிக்கல்.

கிளாஸ் வந்துவிட்டது. யாரும் அவசரப்படக் கூடாது. முதலில் நிறம். “வைக்கோல் மஞ்சளுக்கும் தங்க மஞ்சளுக்கும் நடுவுல” என்பார். பின்னால் போன் டார்ச்சைப் பிடித்து, அந்தப் பக்கம் இருக்கிறவரின் மூக்கு தெளிவாகத் தெரிகிறதா என்று சோதிப்பார். தெரிந்தால் வடிகட்டினது சரி. அடுத்தது நுரை. இரண்டு விரற்கடை நிற்க வேண்டும். குடிக்கக் குடிக்கக் கண்ணாடியில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டே இறங்க வேண்டும். ஒட்டாமல் வழுக்கினால் கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருக்கிறது என்று அர்த்தம். இதுவும் உண்மைதான். இதற்காகவே வீட்டில் தனக்கென்று ஒரு கிளாஸ் வைத்துக்கொண்டு, அதை வேறு யாரையும் தொடவிடாமல் தானே கழுவுகிறார். அந்த வீட்டில் அவர் கழுவும் ஒரே பாத்திரம் அதுதான் என்பது அவர் மனைவி தரும் கூடுதல் தகவல்.

பிறகு மூக்கு. உள்ளங்கையால் கிளாஸ் வாயை மூடி, ஒரு சுழற்றுச் சுழற்றி, கையை எடுத்ததும் மூக்கை உள்ளே விடுவார். நுனியில் நுரை ஒட்டும். அதைத் துடைக்காமலே கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்:

“புதுசா அறுத்த வைக்கோல்... லேசா பூ வாசனை... ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ ஹாப்ஸா இருக்கணும்.”

மியூனிக்கிற்கு வடக்கே ஹாலர்டாவ் என்ற வட்டாரத்தில் ஹாப்ஸ் கொடிகள் கம்பியில் ஏறி ஆளைப்போல மூன்று நான்கு மடங்கு உயரத்துக்கு நிற்கும். அதன் மணத்தைப் பெங்களூரில் மோந்து பார்த்துச் சொல்கிற ஞானம் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் ஊரில் அவர் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு வைக்கோல் போர் இருக்கிறது. “மாட்டுக்கு ரெண்டு கட்டு எடுத்துப் போடுடா” என்று அப்பா சொன்னால், உடம்பெல்லாம் அரிக்கும் என்று ஓடி ஒளிந்தவர் இவர். அந்த வாசனையையே இப்போது கிளாஸுக்கு நானூற்றுச் சொச்சம் கொடுத்து மோந்துகொண்டிருக்கிறார்.

குற்றப் பட்டியலும் விரல் நுனியில் இருக்கும். வெண்ணெய் வாடை அடித்தால் டைஅசிட்டைல், ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும்முன் அவசரப்பட்டிருக்கிறார்கள். வேகவைத்த மக்காச்சோளம் மணந்தால் டி.எம்.எஸ்., கொதிக்கவைத்தது போதவில்லை. பச்சை ஆப்பிள் என்றால் அசிட்டால்டிஹைடு, இன்னும் பக்குவம் வரவில்லை. வெயில் பட்ட பச்சைப் பாட்டில் என்றால் ஸ்கங்க் நாற்றம். ஸ்கங்க் என்ற பிராணி அமெரிக்கக் கண்டத்தில் திரிவது. நம்மவர் அதை நேரில் பார்த்ததில்லை, மோந்ததும் இல்லை. ஆனாலும் “ஸ்கங்க்கேதான்” என்று அடித்துச் சொல்வார்.

கடைசியில் ஒரு வாய். மேசையே காத்திருக்கும். வாயில் வைத்து, இடது கன்னம், வலது கன்னம், நடு நாக்கு என்று சுற்றவிட்டு விழுங்குவார்.

“ம்... க்ளீன்.”

உண்மையில் ஒரு நல்ல ஹெல்லஸுக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. மாம்பழம் போட்டதில் சிறு பிழை இருந்தால் மாம்பழம் மறைத்துவிடும். ஸ்டவுட்டில் கருக வறுத்த மால்ட் மறைத்துவிடும். இதில் மால்ட், ஹாப்ஸ், தண்ணீர், ஈஸ்ட் நாலும் பட்டப்பகலில் நிற்கின்றன. தப்பு ஒன்றும் தெரியவில்லை என்றால் செய்தவர் ஜெயித்துவிட்டார். குடிப்பவர் அதைக் குடித்துவிட்டு வேறு கதை பேசலாம், அதற்காகவே செய்த பானம் அது. ஆனால் “க்ளீன்” என்ற ஒரே சொல்லோடு ஒருவர் எழுந்து போய்விட்டால், அதுவரை படித்ததெல்லாம் என்னாவது? ஆகவே சரித்திர வகுப்பு தொடங்கும்.

அவருடைய கறுப்பு டி-சர்ட்டில் ‘1516’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது எதற்கு என்று யாராவது புதிதாக வந்தவர் கேட்டுத் தொலைப்பார். அந்த வருஷம் பவேரியாவின் கோமகன் நான்காம் வில்ஹெல்ம், இங்கோல்ஸ்டாட் நகரில், பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர பீரில் வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று சட்டம் போட்டார். “ஐநூறு வருஷமா அதை மாத்தலை!” என்று ஆசாமி மேசையைத் தட்டுவார். சட்டத்தில் ஈஸ்ட் என்ற பேச்சே இல்லை என்பதை நண்பர் யாராவது எடுத்துவிட்டால், அதற்கும் பதில் உண்டு. ஈஸ்ட் என்ற உயிர் ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. சரி, அந்த ஈஸ்டாவது சுத்த ஜெர்மன் பிறப்பா என்றால் அதுவும் இல்லை. லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பு. அதன் பெற்றோரில் ஒன்றான குளிர் தாங்கும் காட்டு ஈஸ்டை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து 2011-ல் அறிவித்தது அர்ஜென்டினாவின் பட்டகோனியாக் காட்டில். இந்த இடம் வரும்போது நம்மவர் மட்டும் கொஞ்சம் வேகமாகப் பேசிக் கடந்துவிடுவார்.

ஹெல்லஸின் கதையும் வீரக் கதை அல்ல, வியாபாரக் கதை. 1842-ல் போஹிமியாவின் பில்சன் நகரத்தார் ஜோசப் க்ரோல் என்ற பவேரியரை வரவழைத்துப் பொன்னிற லாகர் காய்ச்சவைத்தார்கள். அது ஐரோப்பாவெங்கும் பிய்த்துக்கொண்டு போனது. மியூனிக்காரர்கள் தங்கள் கருநிற லாகரே உசத்தி என்று அரை நூற்றாண்டு முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டு, கடைசியில் 1894-ல் ஸ்பேட்டன் ஆலை வழியாகத் தாங்களும் ஒரு வெளிர் லாகரை இறக்கினார்கள். கசப்பு குறைவு, மால்ட் தூக்கல். அதுதான் ஹெல்லஸ்.

அந்த 1516 சட்டத்தில் ஆசாமி ஒருபோதும் வாய் திறக்காத ஒரு பகுதி இருக்கிறது. அதன் பெரும்பங்கு பீரின் விலையைப் பற்றியது. குளிர்காலத்தில் ஒரு மாஸ் அளவுக்கு ஒரு பெனிக்குக்கு மேல் வாங்கக் கூடாது, கோடையில் இரண்டுக்கு மேல் கூடாது என்று கறாராக எழுதியிருக்கிறது. பில் வரும்போது நண்பர்கள் இந்த ஷரத்தை ஞாபகப்படுத்துவார்கள். அப்போதுதான் ஆசாமிக்கு அவசரமாக ஒரு போன் வரும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நிலைமை வேறு. மச்சான் பம்புசெட் பக்கம் கூப்பிடுவார். டாஸ்மாக்கில் போய், “என்ன லாகர் இருக்கு?” என்று கேட்கிற துணிச்சல் நம்மவருக்கு இன்னும் வரவில்லை. அங்கே உலகத்துக்கே பொதுவான கேள்வி ஒன்றுதான்: “கூலிங் இருக்கா?” மச்சான் இரண்டு ஸ்ட்ராங் பாட்டிலை ஈரத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, ஒன்றின் மூடியை இன்னொன்றின் மூடியால் நெம்பித் திறப்பார். ஆசாமி மெல்ல ஆரம்பிப்பார்: “பெங்களூர்ல நான் குடிக்கிறது லாகர் மச்சான். அது வேற.”

மச்சான் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படிப்பார். “ஏன் மாப்ளே, இதுலயும் லாகர்னுதானே போட்டிருக்கு?”

போட்டிருக்கிறதுதான். இந்தியப் பாட்டில் பீரில் பெரும்பாலானவை லாகர் குடும்பம். காலேஜ் மொட்டை மாடியில் முதல் வாய் குடித்த நாளிலிருந்து நம்மவர் குடித்துவருவதும் அதே குடும்பம்தான். அரிசி, சர்க்கரை சேர்ப்பது பற்றியும் டேங்கில் கிடக்கும் நாள் பற்றியும் விளக்க ஆசாமி வாயெடுப்பதற்குள் மச்சான், “பேசிட்டே இருந்தா சூடாயிரும், குடிங்க” என்பார். லாகரைப் பற்றி அன்று சொல்லப்பட்ட மிகச் சரியான கருத்து அதுதான்.

இரண்டு வருஷம் முன்பு கம்பெனி அவரை ஒரு புராஜெக்டுக்காக மியூனிக்கிற்கே அனுப்பிவைத்தது. கூடப் போன நண்பர் சொன்ன கதை இது. பீர் கார்டனில் கஷ்கொட்டை மர நிழலில், பொது பெஞ்சில் இடம் பிடித்தார்கள். அந்த மரங்களே பீர் நிலவறைக்கு நிழல் தர நட்டவை. சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுவரலாம் என்ற வழக்கம் 1812-ல் மன்னர் மாக்சிமிலியான் காலத்து ஆணையோடு வந்தது: ஆலைக்காரர் பீர் விற்கலாம், ரொட்டியைத் தவிர உணவு விற்கக் கூடாது. நண்பர்கள் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு லிட்டர் மாஸ் வந்தது. ஆசாமி தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், கண்ணை மூடினார். எதிரே தோல் கால்சட்டை போட்டிருந்த பெரியவர் பதறிப்போய்ப் பரிமாறும் அம்மாவைக் கூப்பிட்டார். பீர் கெட்டுப்போயிருக்கிறது போலிருக்கிறது, இந்தப் பிள்ளைக்கு மாற்றிக் கொடு என்றாராம். அவர் ஊரில் யாரும் பீரை அவ்வளவு நேரம் மோந்து பார்ப்பதில்லை. மோந்தால் சந்தேகம் என்று அர்த்தம்.

திரும்பிவந்தும் ஆசாமி மாறவில்லை. போன சனிக்கிழமை புரூவரே ஷிப்ட் முடிந்து எங்கள் மேசைக்கு வந்தார். தான் காய்ச்சிய ஹெல்லஸில் அரை கிளாஸை ஒரே மூச்சில் இறக்கிவிட்டு, வேர்க்கடலையைக் கொறித்தபடி கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார். நம்மவர் செல்போன் செயலியைத் திறந்து, பதினைந்து வரிக்கு ஒரு குறிப்பு எழுதி, ஐந்துக்கு நாலே முக்கால் மதிப்பெண் போட்டார். அதைப் பார்த்த புரூவர், “அந்தக் கால் எங்க சார் போச்சு? என்ன குறை?” என்று கவலையாகக் கேட்டார்.

“குறையெல்லாம் ஒண்ணுமில்ல. அஞ்சு போட்டுட்டா அடுத்த வாரம் நான் வந்து என்னத்தைப் பேசறது?”