பாண்டியன் குதிரைக்குப் போட்ட பிரியாணி

ஆத்தூரிலிருந்து புன்னக்காயல் போகிற ரோட்டில் வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும் மாறி மாறி வரும். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-ல்தான். ஆனால் எழுநூறு வருஷம் முன்பே இந்தப் பக்கத்து வெற்றிலையை ஐரோப்பாவுக்கு ஓசியில் விளம்பரம் செய்தவர் ஒருத்தர் உண்டு. மார்க்கோ போலோ. அதுவும் ஜெனோவா ஜெயிலில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்துக் கைதியிடம் கதை சொல்லி!

அவர் பார்த்த காயல் துறைமுகம், புன்னக்காயலுக்குப் பக்கத்துப் பழையகாயல்தான் என்பது பிஷப் கால்டுவெல் கணக்கு. ஏடன், ஓர்முஸ் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை இறங்கும். பாண்டிய நாட்டில் அண்ணன் தம்பி ஐந்து பேரும் ராஜாக்கள்; ஆளுக்கு வருஷத்துக்கு 2000 குதிரை வாங்குவார்களாம். வருஷக் கடைசியில் எண்ணினால் நூறுகூடத் தேறாது.

போரில் செத்ததா? அட, அந்த கௌரவமாவது கிடைத்திருக்கக் கூடாதா! சோறும் கறியும் வேகவைத்துப் போட்டிருக்கிறார்கள், சார். புல் தின்கிற ஜீவனுக்குப் பிரியாணி. விருந்தோம்பலில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை; தப்பிப் பிழைத்த குதிரையும் அதிகமில்லை.

குதிரை வைத்தியர் யாரும் இந்தப் பக்கம் வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். செத்தால்தானே அடுத்த ஆர்டர்? வசாஃப் என்ற பாரசீகர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கடலில் வரும்போதே செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானாதான் பணம் கொடுத்ததாம். அப்போது ஆண்ட மாறவர்மன் குலசேகர பாண்டியனுக்குப் பட்டம் ‘எம்மண்டலமும் கொண்டருளிய’. குதிரைத் தரகன் மண்டலம் மட்டும் லிஸ்டில் விட்டுப்போயிருக்கிறது.

சரி, மார்க்கோ போலோ சொன்ன வெற்றிலைக்கு வருவோம். ஒருவனை அவமானப்படுத்த வேண்டுமென்றால் மென்ற வெற்றிலையை மூஞ்சியில் துப்புவார்களாம். துப்பு வாங்கியவன் நேரே ராஜாவிடம் ஓடுவான். ராஜா சமாதானம் பேசுவாரென்று நினைத்தீர்களா? வாளும் கேடயமும் எடுத்துக் கொடுப்பார். ஊரே திரண்டு வேடிக்கை பார்க்க, ஒருவன் சாகும்வரை சண்டை. ஒரே ஒரு கண்டிஷன்: வாளின் முனையால் குத்தக் கூடாது, வெட்ட மட்டும்தான் செய்யலாம். என்ன ஜீவகாருண்யம்!

இத்தனை அமர்க்களத்தையும் அடக்க டில்லித் தளபதி மாலிக் காபூர் கூடத் தேவைப்படவில்லை. தாமிரபரணி வண்டல் கொண்டுவந்து கொட்டியது. பழைய கொற்கைத் துறைமுகத்தைப் போலவே காயலையும் விட்டுக் கடல் விலகிப் போய்விட்டது. பின்னால் வந்த போர்த்துகீசியர் புன்னக்காயலில் கடை விரித்து, கடைசியில் தூத்துக்குடிக்கு நகர்ந்தார்கள்.

கால்டுவெல் பழையகாயலில் தேடியபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. குதிரைக்குப் பிரியாணி பரிமாறிய தட்டோ? தொல்லியல்காரர்களிடம் கேட்டுவிடாதீர்கள், வெற்றிலை போட்டிருந்தால் வம்பு.