‘அட போப்பா’: சொல்லும் பொருளும்

ஒருவர் சொன்னதை நம்ப மறுப்பதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. ரீல், பீலா, உடான்ஸ், புருடா, காதில் பூ என்று ஒரு மளிகைக் கடையே இருக்கிறது. ஆயினும் இவை எல்லாம் குற்றச்சாட்டுகள். சட்டையைப் பிடிக்கும் நிலை வரை கொண்டுபோய் விடக்கூடியவை. உறவு கெடாமல் நம்ப மறுக்க, செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை வழங்கும் சொல் ‘அட போப்பா’.

இதில் ‘அட’ இடைச்சொல். ‘போ’ ஏவல். ‘பா’ என்பது ‘அப்பா’ தேய்ந்த விளி. ஆனால் பெற்ற அப்பாவிடம் சொல்லும்போது ‘போங்கப்பா’ ஆகிவிடும். பெண்ணாயின் போம்மா. வீட்டுக்காரராயின், அதுவும் வாடகை பாக்கி இருந்தால், ‘அட போங்க சார்’.

‘போ’ ஏவலாயின் கேட்டவர் போக வேண்டுமே எனின், அற்றன்று. இச்சொல்லைக் கேட்டு எழுந்து போனவர் எவரும் இல்லை. நாற்காலியை இன்னும் முன்னிழுத்துப் போட்டுக்கொண்டு, ‘சத்தியமா சொல்றேன், கேளு’ என்பார். ஆகவே இதன் பொருள் ‘வா, மேலே சொல்’ என்பதே.

நம்பாமையின் அளவு ஓகாரத்தில் இருக்கிறது. இரண்டு மாத்திரையில் நின்றால் லேசான சந்தேகம். மூன்று மாத்திரை, அதாவது அளபெடை எனில், கதையில் பாதி தள்ளுபடி. மூச்சு உள்ளவரை நீண்டால், சொன்னவர் மைத்துனர் எனக் கொள்க. தொல்காப்பியர் ஓகார இடைச்சொல்லுக்கு ஆறு பொருள் சொன்னார்; இந்த ஓகாரத்தை அவர் கேட்கவில்லை.

இனி, எதற்கு இச்சொல் விழுகிறது என்பது. பொய்க்கு என்று நினைப்பீர்கள். மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைக் கல் ஏறத்தாழ 250 டன் எடையோடு சரிவுப் பாறையில் தொற்றி நிற்கிறது. 1908இல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னார், அசையவில்லை என்பார் வழிகாட்டி. எல்லோரும் தலையாட்டுவார்கள். கண்ணன் உருட்டிய வெண்ணெய் என்றாலும் அதே தலையாட்டல்தான். ‘பஞ்சபாண்டவர் ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் சம்பந்தமே இல்லை, பெயர் பிற்காலத்தில் ஒட்டியது, அவை ரதமும் இல்லை, ஒற்றைக்கல் கோயில்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். அளபெடையோடு வரும்.

திருக்கழுக்குன்றத்தில் நிலைமை இன்னும் மோசம். மலைமேல் உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் (மஞ்சள்முகப் பாறு என்பர் பறவையியலார்) வந்து பண்டாரம் வைக்கும் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போகும். 1990கள் வரை நடந்தது இது, பார்த்தவர்கள் ஏராளம். அவை காசியில் குளித்துவிட்டு வருகின்றன என்ற பகுதிக்கு இன்றைய பேரப்பிள்ளைகள் மறுப்பே சொல்வதில்லை. கழுகு பொங்கல் தின்றது என்ற பகுதிக்குத்தான் ‘அட போ தாத்தா’.

இச்சொல் அறியாதவர் கதிக்கு ஏழாம் நூற்றாண்டுச் சான்று ஒன்று உண்டு. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் (பகீரதன் தவம் என்பாரும் உளர்; அவர்களுக்கும் போப்பாதான்) ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. இனி சைவமாம். சுற்றிலும் எலிகள், ஒன்று கும்பிடவே செய்கிறது. அவற்றில் எதன் முகத்திலும் அரை மாத்திரைச் சந்தேகம்கூட இல்லை.