அப்பவே பார்த்தவர்

புதன்கிழமை மதியம் இரண்டு மணி நாடகத்துக்கு, நம்மவர் பதினொன்றரைக்கே காரைக் கிளப்பிவிடுவார். வீட்டிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம்தான். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டால் பாலத்தைக் காட்டுவார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஈஸ்ட் ஹேடம் என்று ஒரு சின்ன ஊர். மேற்கிலிருந்து வருகிறவர்கள் கனெக்டிகட் ஆற்றின்மேல் 1913-ல் கட்டிய இரும்புப் பாலத்தைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைய வேண்டும். உயரமான படகு வந்தால் பாலத்தின் ஒரு துண்டு அப்படியே சுழன்று ஒதுங்கி வழிவிடும். அதுவரை கார்களெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பாலம் இவரை அப்படி நிறுத்தி வைத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் என்றைக்காவது அப்படி நடந்து, முதல் பாட்டு தவறிவிட்டால்?

ஆற்றங்கரையில் வெள்ளை வெளேரென்று உயர்ந்து நிற்கிறதே, அதுதான் குட்ஸ்பீட் ஆப்பரா ஹவுஸ். கப்பலிலும் வங்கியிலும் காசு பார்த்த வில்லியம் குட்ஸ்பீட் 1876-ல் கட்டியது. பெயரில்தான் ஆப்பரா, மேடையேறுவதெல்லாம் மியூசிக்கல் என்கிற பாட்டு நாடகம். நடுவில் கொஞ்ச காலம் நெடுஞ்சாலைத் துறை சாமான் போட்டு வைக்கும் கிடங்காகவும் இருந்தது. இடித்துத் தள்ளப்போன நேரத்தில் காப்பாற்றி, 1963-ல் மறுபடி திறந்தார்கள். இவ்வளவையும் டிக்கெட் பார்க்கும் பெண்மணியிடம் நம்மவர் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். அந்த அம்மாள் அங்கேயே வேலை செய்கிறவர் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை.

இருக்கையில் உட்கார்ந்து, கைத்தடியை முன் வரிசைக்காரர் காலில் படும்படி சாய்த்து வைத்த கையோடு நிகழ்ச்சிப் புத்தகத்தைப் பிரிப்பார். கதைச் சுருக்கத்தை விட்டுவிட்டு நேரே நடிகர் விவரத்துக்குத் தாவுவார். "இந்தப் பையன் போன வருஷம் இங்கே கடைசி வரிசையில் ஆடினான். அப்பவே சொன்னேன்." யாரிடம் சொன்னார் என்று கேட்டுவிடாதீர்கள். பதில் நீளும்.

ஆனால் இதெல்லாம் முன்னுரைதான். பக்கத்தில் புது ஆள் உட்கார்ந்துவிட்டால் போதும், இரண்டாவது நிமிஷத்தில் 'ஆன்னி' வந்துவிடும். அநாதைச் சிறுமி ஒருத்தியின் கதையான அந்த மியூசிக்கல் 1976 ஆகஸ்டில் முதலில் அரங்கேறியது இங்கேதான். அடுத்த வருஷம் நியூயார்க்கின் பெரிய நாடக மேடையான பிராட்வேக்குப் போய், நாடகத்துக்கான டோனி விருது ஏழு வாங்கி, 2,377 தடவை ஆடியது. அதைப் பார்த்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நம்மவரோ இங்கே பார்த்தவர். இங்கே பார்த்தவர்களிலும் ஒசத்தி ஜாதி. முதலில் ஆன்னியாக நடித்தவர் கிறிஸ்டன் விகார்ட். பிள்ளை ரொம்பச் சாதுவாக இருக்கிறாள், தெருவில் அடிபட்டு வளர்ந்த முரட்டுத்தனம் இல்லை என்று ஒரு வாரம் போல ஆன பிறகு அவரை மாற்றிவிட்டார்கள். கூட நடித்த அநாதைப் பிள்ளைகளில் ஒருவரான ஆண்ட்ரியா மெக்கார்டில் ஆன்னியானார், புகழும் அவருக்கே போனது. "நான் பார்த்தது முதல் பெண்ணை," என்பார் நம்மவர், குரலைத் தாழ்த்தி.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அரங்கில் மொத்தம் 398 இருக்கை. வாரத்துக்கு எட்டு ஆட்டம், எல்லாமே நிரம்பி வழிந்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்க முடியும். அவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் புதன்கிழமை மதியம் என் பக்கத்து இருக்கையில்தான் உட்காருகிறார்கள்.

ஒரு தடவை இந்தக் கதை முடிந்ததும், அவருக்கு அந்தப் பக்கம் இருந்த மனைவி என் பக்கமாகக் குனிந்து சொன்னார்: "எங்கள் பெரியவன் பிறந்தது அந்த வாரம்தான். இவர் எங்கே காணாமல் போனார் என்று இப்போதுதான் தெரிகிறது."

விளக்கு அணைந்த பிறகு நம்மவர் பேசவே மாட்டார், அது அவருடைய கொள்கை. இருமல் மிட்டாயைத்தான் பிரிப்பார். காகிதம் சத்தம் போடக் கூடாதே என்று நுனி நுனியாகப் பிரிப்பதால், ஒரு நொடியில் முடிய வேண்டிய சரசரப்பு ஒரு பாட்டு முழுக்க நீளும். காதலன் மண்டியிட்டு மோதிரத்தை எடுக்கும்போது கடைசி முறுக்கு அவிழும். தெரிந்த பாட்டு வந்தால் பாடுகிறவரைவிட அரை அடி முன்னால் போய் முனகுவார், மேடையில் இருப்பவர் பின்னால் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும்.

இடைவேளையில் பாதி நேரம் கழிவறை வரிசையில் போகும். மீதியில் தீர்ப்பு: குரல் நன்றாக இருக்கிறது, வாத்தியக்காரர்களைக் குறைத்துவிட்டார்கள், அந்தக் காலத்தில் காதில் மைக் கிடையாது. முடிவில் எல்லோரும் எழுந்து கைதட்டும்போது இவரும் எழுவார், கோட்டைப் போட்டுக்கொண்டே. தட்டி முடிப்பதற்குள் ஆள் கதவருகே இருப்பார். கார் நிறுத்துமிடத்திலிருந்து முதலில் வெளியேறினால் ஐந்து மணிக்கே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துவிடலாம்.

இவருக்கு இன்னொரு முகமும் உண்டு, அதைத்தான் நான் மெச்சுகிறேன். குட்ஸ்பீட்காரர்கள் 1984-ல் பக்கத்து ஊரான செஸ்டரில் நார்மா டெரிஸ் என்று இன்னும் சின்னதாக ஓர் அரங்கைத் திறந்தார்கள், அரைவேக்காட்டில் இருக்கும் புது மியூசிக்கல்களுக்காகவே. அங்கே போட்டதில் ஒன்றைக்கூட நம்மவர் விட்டதில்லை. அடுத்த 'ஆன்னி' எதற்குள் ஒளிந்திருக்கிறதோ, யார் கண்டது? ஒவ்வொரு டிக்கெட்டும் தேதியோடு பெட்டிக்குள் போகும், இந்தத் தடவை சாட்சி வேண்டுமல்லவா?

போன தடவை இரண்டாம் பாகம் முழுக்க நன்றாகத் தூங்கினார். வெளியே வந்ததும் கேட்டேன், எப்படி இருந்தது?

"பிராட்வேக்குப் போகும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்."

"கடைசியில் அந்தப் பெண் யாரைக் கல்யாணம் செய்துகொண்டாள்?"

"அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்," என்று சொல்லிவிட்டுக் கார் சாவியைத் தேட ஆரம்பித்தார்.