டிகாஷன் சார்

டிகாஷன் சாரோடு காபி குடிக்கப் போகிறவர்கள் வீட்டிலேயே ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்புவது உத்தமம். அவரோடு காபிக்குப் போவது என்றால் பெரும்பாலும் நடப்பதும் நிற்பதும்தான். குடிப்பது கடைசியில் வரும், அதுவும் அவர் மனசு வைத்தால்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அலுவலகத்தில் எனக்குப் பத்து வருஷம் சீனியர். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பெயர் பென்ஷன் புத்தகத்தோடு நின்றுவிட்டது. தெருவில் பால்காரர் முதல் பிள்ளையார் கோயில் குருக்கள் வரை எல்லோருக்கும் அவர் டிகாஷன் சார்தான். அவருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

இப்படி ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. மதுரையில் இருப்பவர், சென்னையில் காபியே கிடையாது என்பார். சென்னையில் இருப்பவர், மயிலாப்பூரைத் தாண்டினால் கிடையாது என்பார். மயிலாப்பூரில் இருப்பவர், "இருந்தது" என்பார். நம்முடையவர் மூன்றாவது ரகம். அவர் நாக்கில் ஒரு காபி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அது தஞ்சாவூர்ப் பக்கம் எங்கோ ஒரு சந்தில், அவருடைய இருபதாவது வயதில் குடித்தது. அந்தக் கடை இப்போது இல்லை, மாஸ்டரும் போய்விட்டார். "அந்தப் பசுகூடப் போயிடுச்சுய்யா" என்பார். சாட்சிகள் அத்தனை பேரும் காலமாகிவிட்ட வழக்கில் எதிர்த்தரப்பு என்ன வாதாட முடியும்? பின்னால் வந்த எந்தக் காபியும் அந்தக் காபியிடம் தோற்றே ஆக வேண்டும்.

சாயங்காலம் நாலு மணிக்குப் போன் வரும். "வாய்யா, லஸ் பக்கம் ஒரு புதுக் கடையாம். எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம்." லஸ் கார்னரில் ஆரம்பிப்போம். அந்தப் புதுக் கடை, அவர் அதை நேரில் பார்த்த மாத்திரத்தில் தள்ளுபடியாகிவிடும். கச்சேரி ரோடு, பிறகு குளக்கரை, பிறகு மாட வீதி. பங்குனியில் கபாலீஸ்வரர் தேர்கூட நாலு வீதியையும் முடித்துக்கொண்டு நிலைக்கு வந்துவிடும். நாங்கள் அப்போதும் வடக்கு மாட வீதியில் நின்றுகொண்டிருப்போம்.

ஏனென்றால் சார் எந்தக் கடைக்குள்ளும் எடுத்த எடுப்பில் நுழைய மாட்டார். எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று பாய்லரை நோட்டம் விடுவார். மாஸ்டர் டிகாஷனை எதிலிருந்து எடுக்கிறார் என்பதுதான் அவருடைய முதல் கவலை. பில்டரிலிருந்து நேராக எடுத்தால் முகம் கொஞ்சம் மலரும். டிகாஷன் பாத்திரத்தை அடுப்போரம் வைத்துச் சூடு காட்டியிருந்தால் கதை முடிந்தது. "டிகாஷனைச் சுட வெச்சா அது கஷாயம். ஜுரம் வந்தா இங்க வரலாம், வா." பால் எத்தனை நேரமாகக் கொதிக்கிறது என்பதை ஓரத்தில் படிந்த ஏட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் சொல்வது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொல்லும்போது குரலில் ஒரு தடுமாற்றம் இருக்காது. பாய்லரில் ஒரு குறையும் தென்படாவிட்டால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பார். "பாரு, எல்லாரும் டீ குடிக்கிறான்."

ஒருவழியாக உட்கார்ந்த பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். சர்வர் வந்து நிற்பார். சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார்.

"தம்பி, ரெண்டு காபி. எனக்கு ஸ்ட்ராங்கா. ஆனா கசக்கக் கூடாது. சக்கரை தனியா குடு, நானே போட்டுக்கிறேன். ரொம்ப நுரை வேண்டாம், நுரையைக் காட்டி அளவைக் குறைச்சுடுவீங்க. டபராவை வெந்நீர்ல ஒரு அலசு அலசிட்டுக் குடு. முதல் டிகாஷன்தானே? ரெண்டாவதுன்னா இப்பவே சொல்லிடு, எந்திரிச்சுடறோம்."

சர்வர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, உள்ளே திரும்பி, ஊருக்கே கேட்கும்படி குரல் கொடுப்பார்: "ரெண்டு காபி!"

காபி வரும். டம்ளரைத் தொட்டுச் சூடு பார்ப்பார். டபராவில் ஊற்றி, மறுபடி டம்ளருக்கு ஏற்றி, ஒரே ஒரு ஆற்று. அதற்குமேல் ஆற்றினால் மணம் போய்விடுமாம். உதடு படாமல் தூக்கி ஒரு மடக்கு விடுவார். கண் பாதி மூடும். நான் என் காபியைத் தொடாமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், நல்லாயிருக்கிறதா இல்லையா என்று எனக்கே அதைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்பதுபோல. தீர்ப்பு எப்போதும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்கும்.

"சிக்கரி நாப்பதுக்கு மேல."

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துக் காபிப் பொடியோடு கலப்பார்கள். டிகாஷனுக்கு நிறமும் கட்டியும் அது தருவது. குஜராத்தில் ஜாம்நகர்ப் பக்கம் நிறையப் பயிராகிறது. சட்டம் அதைத் தடுக்கவில்லை. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலந்த அளவைப் பாக்கெட்டின் மேல் அச்சடிக்க வேண்டும், அவ்வளவுதான். சாருக்கு இந்தச் சட்டம் மனப்பாடம். ஆனால் பாக்கெட்டைவிடத் தன் நாக்கைத்தான் நம்புவார். ஒரு தடவை கல்லாவில் இருந்த முதலாளி, "நாங்க சிக்கரியே சேக்கறதில்லையே சார்" என்றார். சார் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பொய் சொன்ன பிள்ளையைப் பார்த்து ஹெட்மாஸ்டர்கூட அப்படிச் சிரிக்க மாட்டார். வெளியே வந்ததும், "பாத்தியா, எவ்வளவு பவ்யமாச் சொல்றான்? நாப்பத்தஞ்சு இருக்கும்" என்றார்.

சிக்கரியில் குறை அகப்படாவிட்டால் பால் தண்ணி. பால் சரியாக இருந்தால் தண்ணீரே சரியில்லை. "கேன் தண்ணியில டிகாஷன் இறங்காதுய்யா. காவேரித் தண்ணி வேணும்." காவிரித் தண்ணீர் கிடைக்கும் ஊருக்கே போனால், "இப்ப எங்க அதுல தண்ணி?" என்பார். அது காபியைப் பற்றியதா கர்நாடகத்தைப் பற்றியதா என்று நான் கேட்பதில்லை.

இவ்வளவு குறை சொன்ன காபியில் ஒரு சொட்டைக்கூட அவர் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. டம்ளரைக் காலி செய்து, டபராவில் தங்கியதையும் டம்ளரில் சாய்த்து, அதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பில் விஷயத்திலும் தாராளம். காபிக்கு என்னைப் பணம் கொடுக்க விட்டதே இல்லை. "காபின்னா நான்தான்யா" என்பார். ஆனால் வெறும் வயிற்றில் காபி குடிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. எனவே காபிக்கு முன்னால் ஒரு பொங்கல், ஒரு வடை, சில நாள் ஒரு நெய் ரோஸ்ட். அது என் கணக்கு.

அவருடைய நாக்கின் கௌரவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மாதத்தின் முதல் வாரம் காபிப் பொடிக் கடைக்குக் கூடப் போக வேண்டும். வறுபடும் கொட்டையின் வாசனை தெருமுனையிலேயே வந்து நம்மைக் கூட்டிக்கொண்டு போகும். பீபெரி முக்கால் பங்கு, பிளான்டேஷன் ஏ கால் பங்கு. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதைகள் முதுகைக் காட்டாமல் ஒன்றையொன்று பார்த்துத் தட்டையாகப் படுத்திருக்கும். சில பழங்களில் ஒற்றை விதையே உருண்டு திரண்டு இருக்கும், அதுதான் பீபெரி. அதைப் பொறுக்கித் தனியாக விற்பார்கள், விலையும் கூடுதல். சார் மெஷின் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். "முன்னாடி அரைச்சவரோட பொடி உள்ளே ஒட்டிட்டிருக்கும். முதல் கைப்பிடியைத் தனியா எடுத்துடுங்க, அது எனக்கு வேண்டாம்." கடைக்காரர் பெருமூச்சோடு எடுத்து வைப்பார். எல்லாம் அரைத்து முடித்த பிறகு, சார் என் காதில் விழாத தூரம் என்று நினைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "சிக்கரி ஒரு பதினஞ்சு போட்டுடுங்க."

அது என் காதில் விழுந்துவிட்டது என்று ஒருநாள் தெரிந்ததும், "கட்டிக்குய்யா" என்றார். ஊரார் போட்டால் கலப்படம், தான் போட்டால் கட்டி.

பழங்காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த முடியாது. காபி என்னமோ சங்க காலத்திலிருந்து தமிழன் குடித்துவந்தது மாதிரி பேசுவார். காலையில் நீராகாரம் குடித்துவிட்டு வேலைக்குப் போன நாடு இது. காபி வீட்டுக்கு வீடு பரவியதெல்லாம் நூறு நூற்றைம்பது வருஷக் கதை, ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். தலைப்பைக் கேட்டதும் சாருக்குச் சுருக்கென்றது. "இல்லாட்டி என்னய்யா, வந்ததுக்கு அப்புறம் எப்படி இருந்தது தெரியுமா? அந்தக் காலத்துக் காபி கிளப்..." என்று ஆரம்பித்தார்.

அந்தக் காலத்து கிளப்களில் பலவற்றின் வாசலில் பலகையிலேயே சாதி எழுதியிருந்தது. உள்ளே யார் எங்கே உட்காரலாம் என்பதற்கும் கணக்கு இருந்தது. 1957-இல் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. இதைச் சொல்லிவிட்டு, "அந்தக் கிளப்ல நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு உள்ளே இடம் கிடைச்சிருக்காது சார்" என்றேன்.

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அப்ப வெளியில வாங்கியாந்து ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து குடிச்சிருப்போம்யா." மறுபடி யோசித்து, "ஆறிப் போயிருக்கும்" என்றார்.

ஒரு கடையில் மட்டும் அவர் வாயைத் திறக்காமல் குடித்தார். வாயைத் திறக்காமல் என்றால், காபியைப் பற்றி. புதுச்சேரி நேரு வீதியில் இருக்கும் இந்தியன் காபி ஹவுஸ். ஐம்பதுகளில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் பக்கபலமாக நிற்கக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே கடையை ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். இந்தக் கதையை எனக்குச் சொல்லி, பக்கத்து மேஜைக்காரருக்குச் சொல்லி, கடைசியில் காபி கொண்டுவந்த ஊழியருக்கே சொல்லிக்கொண்டிருந்ததில் டம்ளர் காலியாகிவிட்டது. "எப்படி சார் இருந்தது?" என்றேன். "எது?" என்றார்.

போன வருஷம் கும்பகோணத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். செங்கல்பட்டு தாண்டியதுமே நெடுஞ்சாலை ஓரத்தில் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகள் வர ஆரம்பித்தன. பித்தளை டம்ளர் படம், அடுத்த பலகை, அடுத்த டம்ளர். "கும்பகோணத்துக்கு இன்னும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கு. இவனுங்க இங்க என்ன பண்றானுங்க?" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றிலும் நிறுத்தச் சொன்னார். டிரைவருக்குக் கண் தூங்காமல் போனதுதான் லாபம். கும்பகோணத்தில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு சின்னக் கடையில் ஏறி, கம்பீரமாக, "ரெண்டு டிகிரி காபி" என்றார். கடைக்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க வெறும் காபிதாங்க. டிகிரியெல்லாம் ஹைவேல."

என் மகன் ஒருநாள் எங்கள் இருவரையும் ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு புதுக் கபேக்கு அழைத்துப் போனான். ஏசி, மங்கலான விளக்கு, காபிக்கு நாலு நெய் ரோஸ்ட் விலை. சார் சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார். கவுண்டரில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம், கையில் பச்சை. ஏற்காடு எஸ்டேட் கொட்டையை 18 கிராம் நிறுத்து எடுத்தான். அரைத்தான். கொக்குக் கழுத்து கெட்டிலில் 93 டிகிரிக்குத் தண்ணீர் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக வட்டமாக ஊற்றினான். சார் என் முழங்கையை இடித்தார். "தராசு வெச்சிருக்கான்யா."

பையன் கறுப்புக் காபியை நீட்டி, "ஆரஞ்சு தெரியும் அங்கிள், அப்புறம் லேசா டார்க் சாக்லேட்" என்றான். சார் ஒரு மடக்கு உறிஞ்சினார். கண் பாதி மூடியது. "ஆரஞ்சு தெரியுது. சாக்லேட்டும் தெரியுது. காபியைத்தான் காணும்."

பையன் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டு, "வீட்ல என்ன பிளெண்ட் அங்கிள் போடறீங்க? எத்தனை நிமிஷம் இறங்க விடுவீங்க?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் சாரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. மனிதர் நெகிழ்ந்துவிட்டார். பீபெரி, பில்டரின் துளை, பொடியை எவ்வளவு அழுத்த வேண்டும், முதல் கரண்டி வெந்நீரை ஊற்றிவிட்டு ஏன் காத்திருக்க வேண்டும் என்று அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள். பையன் போனில் குறித்துக்கொண்டான். சிக்கரி பதினைந்து என்பது மட்டும் அந்தப் பேச்சில் வரவில்லை. எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில் சார் அவன் பக்கம் குனிந்து, "தம்பி, இதுல ஊத்த ஒரு கரண்டி சூடான பால் கிடைக்குமா?" என்றார். அந்தப் பையனின் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

வெளியே வந்ததும், "பையனுக்குத் தொழில் தெரியும்யா" என்றார். அவர் வாயிலிருந்து யாருக்கும் இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை. மறுநாளே தி. நகரில் ஒரு தராசு வாங்கிவிட்டார். இப்போது அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் காபிக்குக் கிளம்புகிறார்.

ஆகவே காபிக் கடை முதலாளிகளுக்கும் மாஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எதிர்ப் பிளாட்பாரத்தில் பருமனான ஒருவரும் பசியோடு இன்னொருவரும் ரொம்ப நேரமாக உங்கள் பாய்லரையே பார்த்துக்கொண்டு நின்றால் பயப்பட வேண்டாம், உணவுத் துறை அதிகாரிகள் அல்ல. உள்ளே வந்து சிக்கரி எவ்வளவு என்று கேட்டால், இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லுங்கள். எது வேண்டுமானாலும் சொல்லலாம், அவர் எப்படியும் அதன்மேல் பத்து கூட்டிக்கொள்வார்.