சரிவு மயக்கம்: பழைய புல்வெட்டும் மெஷின் குறித்து ஓர் ஆய்வு

சமதரையில் சோர்வின்றி ஓடும் பழைய புல்வெட்டும் மெஷின், மேட்டில் ஏறியதும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடுகிறது. கீழே இறக்கிக் கயிற்றைச் சுண்டினால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்புகிறது. மெக்கானிக் கடையின் தரையோ சமதரை. ஆகவே அங்கே நோயாளிக்கு நோயே இருப்பதில்லை, கட்டணம் மட்டும் இருக்கிறது. அறிவுலகம் இதுவரை பெயரிடாமல் விட்ட இந்நோய், இக்கட்டுரையில் ‘சரிவு மயக்கம்’ எனப்படும்.

இதன் தொன்மையை ஆராயப் புகுந்தால் ஏமாற்றமே. இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் மேற்பிசிறைச் சீவும் ஆலை எந்திரத்தைப் பார்த்துப் புல்வெட்டும் எந்திரத்தை உருவாக்கி, 1830இல் காப்புரிமை பெற்றார். அதை ஆள்தான் தள்ள வேண்டும். சரிவில் மயங்கியது தள்ளியவரே அன்றி எந்திரம் அன்று. எனவே இந்நோய் பெட்ரோல் எஞ்சினுக்குப் பிற்பட்டது என்பது துணிபு.

நோய்க்காரணம் பற்றி மூன்று கட்சியார் உண்டு. பிளக் கட்சியார் எதற்கும் பிளக்கை மாற்றச் சொல்வர். மேடு பள்ளம் பார்த்துப் பொறியைக் கூட்டிக் குறைக்கும் அறிவு பிளக்குக்கு இல்லை என்பதால் அவர்களை இங்கேயே விட்டுவிடலாம். பெட்ரோல் கட்சியும் ஆயில் கட்சியும்தான் வாதத்துக்குரியவை.

பெட்ரோல் கட்சியின் மூலநூல் கார்புரேட்டரின் கிண்ணம். அதில் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் மட்டம் இறங்கினால் மிதவையும் இறங்கி ஊசி வால்வைத் திறக்கும்; ஏறினால் மூடும். நம் வீட்டு மேல்தொட்டியின் பந்து வால்வும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் மேல்தொட்டியை யாரும் மலையேற்றுவதில்லை. கிண்ணம் சாயும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது, மிதவை குழம்புகிறது. வால்வு முன்கூட்டியே மூடினால் எஞ்சின் பட்டினி. மூடாமல் விட்டால் வெள்ளம். இரண்டிலும் முடிவு ஒன்றே.

இது அற்பப் பொருள் என எண்ணுவோர் 1940ஐ நினைவுகூர வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சினிலும் மிதவைக் கார்புரேட்டரே இருந்தது. விமானி சட்டென்று மூக்கைக் கீழே அமுக்கினால் பெட்ரோல் கிண்ணத்தின் மேற்பக்கம் எழும்பும். எஞ்சின் முதலில் பட்டினியிலும் பிறகு வெள்ளத்திலும் திணறும். எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் எஞ்சின் கொண்ட ஜெர்மானிய விமானங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், துளையிட்ட சிறு உறுப்பு ஒன்றைப் பெட்ரோல் வழியில் பொருத்தி வெள்ளத்தைக் கட்டுப்படுத்தினார். 1941இல் அது விமானங்களில் ஏறியது. அவர் மோட்டார் சைக்கிள் பந்தய வீராங்கனையும்கூட. எஞ்சினின் இருமலைக் காதால் படிக்கத் தெரிந்தவர் என்று ஊகிக்கத் தடையில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே கிளம்பாத ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் சாய்த்துத்தானே கிளப்பியது? உண்மை. அங்கே சாய்வு மருந்து, இங்கே நோய். இரண்டிலும் வேலை செய்வது இடம்மாறும் பெட்ரோல்தான்.

அப்படியானால் புது மெஷின் அதே மேட்டில் ஏன் நிற்பதில்லை? ஆய்வின் உயிர்நிலை இதுவே. பழைய மெஷினில் ஊசியின் முனை தேய்ந்திருக்கும். மிதவையின் கீல் வளைந்திருக்கும். டாங்க் அடியில் துருவும் தூசியும் படிந்திருக்கும். சமதரையில் ஓரமாய்க் கிடந்த அந்தக் கசடு, மேட்டில் நகர்ந்து வந்து பெட்ரோல் துவாரத்தை அடைக்கிறது. போதாக்குறைக்கு, எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த மெஷினில் அந்த ஈரம் நீராகப் பிரிந்து அடியில் தங்கிவிடும்.

பட்டினியா வெள்ளமா என்று அறிய வழி எளிது. நின்ற மெஷினை ஆறவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் வெள்ளம், காய்ந்திருந்தால் பட்டினி. பட்டினி என்றால் டாங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. கால் டாங்க் பெட்ரோல் சரிவில் துவாரத்தை விட்டு விலகிவிடும். நிரப்பியதும் நோய் தீர்ந்தால் சிகிச்சை அத்தோடு முடிந்தது.

ஆயில் கட்சியையும் தள்ள முடியாது. அளவுக்கு மீறி ஊற்றிய ஆயில், சரிவில் மூச்சுக்குழாய் வழியே ஏர் ஃபில்டருக்குள் போய் அதை நனைத்துவிடும்; நீலம் பாய்ந்த புகை அதற்குச் சாட்சி. பிளேடைச் சுரண்டுவதற்காக ஏர் ஃபில்டர் பக்கம் கீழே இருக்கும்படி மெஷினைக் கவிழ்ப்பவர்களும் இதையே சாதிக்கிறார்கள். ஆயில் குறைந்தால் எஞ்சினைத் தானே நிறுத்தும் உணரி சில மாடல்களில் உண்டு. சாய்வில் ஆயில் ஒதுங்கும்போது அது ஏமாந்து பொறியை அறுத்துவிடும். ஏமாறினாலும் அது நல்லதற்கே. சிறு எஞ்சின்கள் பலவற்றில் ஆயிலை வாரி இறைக்கும் உறுப்பு, சரிவில் ஆயிலை எட்டாமல் வெறுமனே சுற்றினால் எஞ்சின் நிற்காது, சிக்கிக்கொள்ளும். அப்புறம் பழுது பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

புல்வெட்டும் மெஷின்களின் கையேடுகள் பெரும்பாலும் 15 பாகை வரைதான் அனுமதிக்கின்றன. ஏறத்தாழ நான்கடிக்கு ஓரடி ஏற்றம். அதற்கு மேலான சரிவில் மெஷின் நின்றால், குற்றவாளி மெஷின் அல்ல. அங்கே டயாஃப்ரம் கார்புரேட்டர் உள்ள, தோளில் மாட்டும் புல்வெட்டியே உகந்தது. மிதவை இல்லாததால் அதற்கு மேலும் கீழும் ஒன்றுதான். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கார்புரேட்டரைக் கழற்றும் முன், அடுத்த முறை மெஷின் நின்றதும் டாங்க் மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டுக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருந்தாலும் பெட்ரோல் இறங்காது. அதைச் சுத்தம் செய்ய ஓர் ஊசி போதும்.