முலாம் விவகாரம்

சங்கீதத்தில் ஓரளவு பிரியமும், கையில் ஓரளவு பணமும், சாதகம் செய்வதில் அறவே சிரத்தையின்மையும் ஒருங்கே வாய்த்த ஒரு மனிதன் எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கிவிட்டானானால், அதை வாசிப்பதை ஒத்திப் போட்டுக்கொண்டே அதன் அங்கங்களை ஒவ்வொன்றாக மாற்றுவதில் காலக்ஷேபம் செய்வான் என்பதற்கு நானே பிரத்தியட்ச சாட்சியாக இருக்கிறேன். தந்திகளை மாற்றியாயிற்று, குமிழ்களை மாற்றியாயிற்று, தோள்வாரைக்கூட மாற்றியாயிற்று. இனி வாசித்தே தீரவேண்டும் என்ற இக்கட்டான கட்டம் நெருங்கிவிட்ட சமயத்தில்தான், பிக்கப் இரண்டும் மூடியில்லாமல் கறுத்த சுருள்களைக் காட்டிக்கொண்டு நிற்கின்றனவே, அவற்றுக்கு உலோகத்தில் மூடி போட்டால் என்ன என்ற யோசனை தெய்வாதீனமாக உதித்தது. மூடி என்றதும், நிக்கல் முலாமா, குரோம் முலாமா, தங்க முலாமா என்ற கேள்வியும் அதன் பின்னாலேயே வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டது.

பிக்கப்பின் பூர்வோத்தரம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காந்தத்தின் துணையோடு, மெல்லிய தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றித் தந்திகளுக்கு அடியில் பொருத்திய சுருள்தான் அது; தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும், அந்த மின்சாரம் பெருக்கிக்குப் போய் நாதமாக வெளிப்படும். ஆனால் அந்தச் சுருள் தந்தியின் நாதத்தோடு, அக்கம்பக்கத்து மின்சாரக் கருவிகளின் ரீங்காரத்தையும் பாகுபாடின்றிச் சுவீகரித்துக்கொள்ளும் சுபாவமுடையது. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துக் கலமசூ நகரத்தில், கிப்ஸன் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த சேத் லவர் என்ற பொறியாளர், ஒரு சுருளுக்கு இரண்டு சுருள்களை வைத்து, இரைச்சலை ஒன்று நேராகவும் மற்றொன்று தலைகீழாகவும் வாங்கும்படி இணைத்து, இரைச்சல் தன்னைத் தானே அழித்துக்கொள்ள, தந்தியின் நாதம் மட்டும் சேர்ந்து ஒலிக்கும்படி ஓர் உபாயம் செய்து, 1955-ஆம் வருஷம் அதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஹம்பக்கர் என்று பெயர் பெற்றுவிட்ட அந்தச் சாதனத்தின்மேல், மிச்ச சொச்ச இரைச்சலும் உள்ளே நுழையாதிருக்கும் பொருட்டு, உலோகத் தகட்டால் ஒரு மூடியைக் கவிழ்த்து அடித்தகட்டோடு ஈயப்பற்று வைத்தார்கள். ஆக, மூடி என்பது ஆதியில் ஆபரணமன்று, கவசமே. அந்தக் கவசத்தின் ஒரு வரிசைத் துவாரங்களில் ஆறு திருகாணிகள் தலைகாட்டுமே, அவை லவருடைய காப்புரிமை வரைபடத்தில் கிடையா. விற்பனைக்காரர்கள் வாடிக்கைக்காரரிடம் பேசுவதற்கு ஏதாவது விஷயம் வேண்டுமென்பதற்காகச் சேர்த்தவை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இந்தச் சமாசாரத்தை வாசித்த பிறகும் நான் அந்தத் திருகாணிகளை மாலைதோறும் கால் சுற்று, அரைச் சுற்று திருகிக்கொண்டுதான் இருந்தேன்.

மூடிக்கு எந்த உலோகம் என்பதில் வாஸ்தவமான சாஸ்திரம் இருக்கிறது. பித்தளையில் செய்தால், மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலத்தால் அந்தத் தகட்டிலேயே சுழல் மின்னோட்டங்கள் கிளம்பி, மேல் ஸ்தாயிக் கூர்மையை மழுக்கிவிடும். தாமிரம், நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த, வெள்ளி ஒரு குந்துமணியும் கலவாத ஜெர்மன் சில்வரில் மின்தடை அதிகமாகையால், அந்தச் சேதம் வெகுவாகக் குறையும். கிப்ஸன்காரர்கள் அதைத்தான் உபயோகித்தார்கள். இதுவரை பேசியது பௌதிகம். இந்தத் தகட்டின்மேல் பூசுகிற முலாம், பெரும்பாலும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனம். அதிலும் குரோம் என்று நாம் கண்டு மயங்கும் படலம், ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. இத்தனை சொற்ப வஸ்து நாதத்தை மாற்றும் என்று நம்புவதற்கு அசாத்தியமான பக்தி வேண்டும்.

அந்தப் பக்தியில் குறைவில்லாத நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. நிக்கல் மூடியென்றால் நாதத்தில் ஒரு கனிவு தட்டும் என்றும், குரோம் போட்டால் வறட்சி கண்டுவிடும் என்றும் அவர் நெடுநேரம் பிரசங்கம் செய்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றபோது, நான் மூடியே இல்லாத என் கிட்டாரை எடுத்து நாலு சுரம் மீட்டினேன். "பார்த்தீர்களா, நிக்கல் பேசுகிறது!" என்று திரும்பாமலே பரவசப்பட்டார். மூடி இன்னும் வாங்கவில்லை என்று சொன்னேன். சிறிதும் கலங்காமல், "அப்படியானால் அந்தக் கனிவு உங்கள் விரலிலேயே இருக்கிறது" என்றார். அதற்குமேல் அவரோடு தர்க்கம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

உண்மை என்னவென்றால், தீர்ப்புச் சொல்வது கண். அதைத் தன் தீர்ப்பாகக் காட்டிக்கொள்வது காது. நிக்கலில் இளமஞ்சள் சாயல் ஒன்று ஓடும். குரோமிலோ நீலம் கலந்த குளிர்ந்த பளபளப்பு. நிக்கல் காற்றும் வியர்வையும் பட்டு நாளடைவில் மங்கும். குரோம் எதற்கும் மசியாது. 1960-களின் நடுப்பகுதியில் கிப்ஸன் கம்பெனி நிக்கலை விட்டுக் குரோமுக்கு மாறிற்று. ஆகவே மங்கிய நிக்கல் மூடி, 1958 முதல் 1960 வரை செய்த, இன்று லட்சக்கணக்கான டாலர் விலை பேசப்படும் லெஸ் பால் கிட்டார்களின் ஞாபகத்தைக் கிளப்பிவிடுகிறது. நாம் கனிவு என்று சொல்வது அந்த விலையின் கனிவோ என்று எனக்கு ஒரு சம்சயம்.

தங்கத்தைப் பற்றிய விசாரணை சீக்கிரமே முடிந்தது. 1957-இல் ஹம்பக்கர் மூன்றும் தங்க மூடிகளுமாக வந்த கறுப்பு லெஸ் பால் கஸ்டம் கிட்டாரின் படத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, எனக்குச் சிதம்பரம் கவரிங், உங்க கிட்டாருக்குத் தங்கமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தங்க முலாம் மெல்லியது, உள்ளங்கை உரசுமிடத்தில் தேய்ந்து அடியிலுள்ள நிக்கல் தெரியும் என்ற தொழில் நுணுக்கமான ஆட்சேபணையும் எனக்கு அந்த நிமிஷமே தோன்றியது.

மூடியே வேண்டாம் என்று ஒரு பக்ஷமும் உண்டு. 1966-இல் ஜான் மயால் கோஷ்டியின் இசைத்தட்டு வெளிவந்த காலத்தில் அதில் வாசித்த எரிக் கிளாப்டன் என்ற கிட்டார் வித்துவான் தம் லெஸ் பாலின் மூடிகளைக் கழற்றி எறிந்துவிட்டிருந்தார்; உடனே இரு கண்டத்து இளைஞர்களும் திருப்புளியும் கையுமாகக் கிளம்பிவிட்டார்கள். மூடி தளர்ந்திருந்தால் உச்ச சப்தத்தில் அதுவே அதிர்ந்து கீச்சிடும் என்பது மெய்தான். உருக்கிய மெழுகில் பிக்கப்பை முழுக்காட்டினால் அது அடங்கிவிடும். அப்போது கழற்றி எறிந்த மூடிகளைத்தான் இப்போது சேகரிப்பாளர்கள் பெரும் பணம் கொடுத்துத் தேடுகிறார்கள். ஒளித்து வைப்பது இந்த ஹம்பக்கரின் ஜாதகத்திலேயே இருக்கிறது: 1959-இல் காப்புரிமை கைக்கு வந்த பிறகும், விண்ணப்பித்திருக்கிறோம் என்ற சீட்டையே சில காலம் அடியில் ஒட்டினார்கள்; பிறகு எண்ணை அச்சிட்டபோதும், போட்டிக்காரர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்றோ என்னவோ, லெஸ் பால் என்ற வித்துவான் தந்தி தாங்கிக்காகப் பெற்றிருந்த வேறொரு காப்புரிமையின் எண்ணை அச்சிட்டார்கள்.

இந்நிலையில், அம்பத்தூரில் முலாம் பட்டறை ஒன்றில் மேஸ்திரியாக இருக்கும் என் மைத்துனனிடம் அபிப்பிராயம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அழகியல் விவகாரங்களைத் தொழில் தெரிந்தவர்களிடம் எடுத்துப் போனால் அவை சுருங்கிவிடுகின்றன. "மாமா, நிக்கல் போட்டு அதுக்கு மேலதான் குரோமே போடுவோம். நிக்கலோட நிறுத்தினா அது பாதி வேலை. பாதி வேலைக்கு எதுக்கு முழுக் காசு?" என்றான். பிறகு நான், புது மூடியை அமிலப் புகையில் தொங்கவிட்டு, அறுபது வருஷத்து மங்கலை ஓர் இரவில் வரவழைத்து, சாதாரண மூடியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கும் ரகத்தின் படத்தைக் காட்டினேன். அவன் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தான். "இந்த மாதிரி வந்தா நாங்க ரிஜெக்ட்ல போட்டுட்டு, பார்ட்டிக்குத் தெரியாம மறுபடி பாலிஷ் போடுவோம்" என்றான்.

அந்த ரகத்தை நான் விலக்கியதற்கு அவனுடைய வார்த்தை மாத்திரம் காரணமன்று. அன்னியன் உடுத்திக் கிழித்த வேட்டியைப் புது வேட்டியிலும் அதிக விலைக்கு வாங்கிக் கட்டிக்கொள்வதுபோல் அது எனக்குப் பட்டது. மங்கவேண்டுமானால் என் வியர்வையில் மங்கட்டும். குரோமோ, நான் தலை நரைத்துப் பல் விழுந்து போன பிறகும் முதல் நாள் போலவே பளபளத்துக்கொண்டு என்னைப் பரிகாசம் செய்யும். ஆகவே மங்காத புது நிக்கல் என்று நிர்ணயித்துக் கடைக்காரருக்கு எழுதினேன். அவரிடமிருந்து பதிலாக ஒரு கேள்வி வந்தது: திருகாணித் துவாரங்களின் முதலுக்கும் கடைசிக்கும் இடைத்தூரம் 49.2 மில்லிமீட்டரா, 52 மில்லிமீட்டரா? முலாமுக்காக இத்தனை காலம் தவம் கிடந்த எனக்கு, மூடிக்கு அளவென்று ஒன்று உண்டென்பதே அப்போதுதான் புத்தியில் உறைத்தது. மைத்துனனின் வெர்னியர் கருவியால் அளந்ததில், கழுத்துப் பக்கத்துப் பிக்கப் ஓர் அளவு, பாலத்துப் பக்கத்துப் பிக்கப் வேறு அளவு என்று தெரிந்தது. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் தனித்தனியே அளவெடுத்துச் சொன்னேன்.

மூடிகள் வந்தன. மைத்துனனே ஞாயிற்றுக்கிழமை வந்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்த கனத்த சூட்டுக்கோலால் இரண்டையும் பற்றவைத்துக் கொடுத்தான். கிட்டாரை நிமிர்த்தி வெளிச்சத்தில் பிடித்தோம். நிக்கல் மூடிகள் இளமஞ்சளாய்ச் சாந்தமாக இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், இதுவரை என் கண்ணில் படாதிருந்த பாலமும், தந்தி தாங்கியும், தலைப்பக்கத்து முறுக்காணிகள் ஆறும், பிக்கப் சட்டங்களின் திருகுகளும், குழல்விளக்கைப் பிரதிபலித்துக்கொண்டு நீலம் பாரித்து ஜொலித்தன. அத்தனையும் குரோம். அவற்றையும் நிக்கலில் வாங்குவதென்றால் மூடிகளின் விலையைப்போல் பல மடங்கு ஆகும் என்று நான் காகிதத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

"எதுக்கு மாமா ஒண்ணொண்ணா?" என்றான் மைத்துனன். "நாளைக்குக் கொண்டாங்க, கிட்டாரையே மொத்தமா டேங்க்ல முக்கி எடுத்துடலாம்."